காலிக் கட்டங்கள்

மயிலிட்டியில் தங்கள் காணியைத் தேடிப் போனவர்கள் முதலில் தேடியது கிணற்றைத்தான். வீடு தரையோடு தரையாகியிருந்தது. கிளுவை வேலி பற்றைக்குள் கரைந்துவிட்டது. ஒழுங்கை எங்கே திரும்பியது என்று சொல்ல ஒரு பூவரசமரம் கூட மிஞ்சவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து இறக்கியது. தூர்த்துவிட்டாலும் அதன் வட்டம் நிலத்தில் தழும்பாகக் கிடக்கும். அதைக் கண்டுவிட்டால் போதும். இத்தனை எட்டில் குசினி, இத்தனை எட்டில் விறாந்தை, அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டு வேலி என்று கால்கள் தாமாகவே அளக்கத் தொடங்கிவிடும்.

1990 ஜூன் 15 அன்று, போரின் நடுவில், யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். துறைமுகமும் அதைச் சுற்றிய ஏறத்தாழ 54 ஏக்கரும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3 அன்று. இடையில் 27 ஆண்டுகள்.

இந்த அத்தியாயம் ஏற்றத்தாழ்வை அளப்பது பற்றியது. ஏற்றத்தாழ்வு என்றால் நமக்கு உடனே வருமானம்தான் நினைவுக்கு வரும்: யாரிடம் எவ்வளவு? இடஞ்சார் பகுப்பாய்வு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறது: எங்கே, எதற்குப் பக்கத்தில்? சிக்கலியல் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறது: இவற்றில் எது எதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, ஒன்றை உருவினால் எவையெல்லாம் சரியும்? மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மயிலிட்டியைப் போல இன்னோர் இடம் எனக்குத் தெரியவில்லை.

மயிலிட்டி ஒரு நகரமா என்று நீங்கள் கேட்கலாம். தனியே எடுத்தால் அது கரையோர ஊர். ஆனால் மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்கின் 1990க்கு முந்திய வரைபடத்தை விரித்துப் பாருங்கள். காங்கேசன்துறைத் துறைமுகம், 1950இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, யாழ்தேவி வந்து நிற்கும் கடைசி நிலையம், பலாலி விமான நிலையம், மயிலிட்டி மீன்பிடித் துறை ஆகிய எல்லாம் சில கிலோமீற்றருக்குள் அடங்கியிருந்தன. அவற்றுக்கு இடையில் வீடும் தோட்டமும் கடையும் பள்ளிக்கூடமும் இடைவெளியில்லாமல் தொடர்ந்தன. குடாநாட்டின் தொழிற்பட்டினம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இந்த மூலைதான். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் விழுங்கியதும் இதே மூலையைத்தான்.

கணக்கு ஏக்கரில்தான் சொல்லப்படும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. 2,000க்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017இல் திரும்பியது 54 ஏக்கர். 2018 ஏப்ரலில் 683 ஏக்கர். ஒவ்வொரு கையளிப்பின்போதும் எத்தனை ஏக்கர் என்பதே தலைப்புச் செய்தி. எவ்வளவு மிச்சம் என்று கழித்துப் பார்க்கிறோம். அந்தக் கழித்தல் நம்மை ஏமாற்றுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

ஒரு கணிதக் கொப்பியின் கட்டத்தாளை எடுங்கள். எல்லாக் கட்டங்களும் மூடியவை என்று கொள்ளுங்கள். எழுமாறாக ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போங்கள். பக்கவாட்டில் தொடும் கட்டங்களுக்கு இடையே மட்டும் நடந்து போகலாம். பத்து விழுக்காடு திறந்தால் தனித்தனித் தீவுகள். முப்பது, நாற்பது விழுக்காடு திறந்தாலும் தீவுகள் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். தாளின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வழி இல்லை. ஏறத்தாழ 59.3 விழுக்காட்டை எட்டும்போது திடீரென்று தீவுகள் கைகோத்துக்கொள்கின்றன. கரைக்குக் கரை பாதை விழுகிறது. 1957இல் சைமன் பிராட்பென்ட், ஜோன் ஹமர்ஸ்லி என்ற இருவர் இதைக் கணிதமாக வகுத்தார்கள். பிராட்பென்டின் கவலை சுரங்கத் தொழிலாளியின் முகமூடி: அதிலுள்ள கரியின் நுண்துளைகளுக்குள் வாயு எப்படி ஊடுருவும்? கசிவுக் கோட்பாடு அந்த முகமூடியிலிருந்து பிறந்தது.

மயிலிட்டிக்கு அது சொல்வது இதுதான். பாதி நிலம் திரும்பி வந்தால் பாதி ஊர் திரும்பி வராது. ஊர் என்பது இணைப்பு. அது படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரு வாசலைத் தாண்டிய பிறகே பிறக்கிறது. அந்த வாசல் வரும்வரை விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டும் வேலிகளுக்கு நடுவே ஒரு தீவு. காணி இருக்கும், கடைக்குப் போக வழி இருக்காது. வீடு கட்டலாம், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வீதியால் அனுப்புவது?

கட்டத்தாளில் திறப்பது எழுமாறாக நடக்கிறது, நிலத்தில் அப்படியல்ல. அங்கே சில கட்டங்கள் மற்றவற்றைவிட மிகப் பெறுமதியானவை. வயாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் வழியாக வடகரைக்கு நேரே ஓடும் வீதியின் கடைசித் துண்டு அது. பரப்பில் எடுத்தால் சில ஏக்கர்தான் தேறும். ஆனால் அது மூடியிருந்த 34 ஆண்டுகளும் வடகரைக்கு வர வேண்டியவர்கள் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் அதைத் திறந்தபோது காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை மட்டும் என்று நேரம் குறித்தார்கள். புவியியலாளர்களிடம் ஓர் எளிய அளவு உண்டு: வீதியால் போகும் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுப்பது. ஒன்றுக்கு அருகில் வந்தால் நல்ல ஊர். வேலியடைத்த ஊரில் அது ஏறிக்கொண்டே போகும். நேரம் குறித்த வீதியோ ஒரு நாளில் இரு மதிப்புக் காட்டும்: பகலில் ஒன்று, இரவில் இன்னொன்று. பிரசவ வலியும் நெஞ்சு வலியும் எந்த நேரத்தில் வரும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த இரண்டாவது எண்ணின் கனம் புரியும். கடற்றொழிலாளிக்கோ இரவுதான் வேலை நேரம்.

கடற்றொழிலாளியைப் பற்றிச் சொன்னேன். தூரம் என்பது எல்லோருக்கும் ஒரே பொருள் அல்ல என்பதை அவரிடம்தான் படிக்க வேண்டும். தோட்டக்காரர் தன் தோட்டத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் சைக்கிளில் போய் இறைத்துவிட்டு வருவார். கடலுக்குப் போகிறவர் நடுச்சாமத்தில் எழுந்து காற்றைப் பார்க்க வேண்டும். சோளகம் பெயர்ந்துவிட்டதா, இறங்கலாமா, படகை மேலே இழுத்துக் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் கரையில் நின்று, முகத்தில் காற்றுப் பட்டுத் தெரிய வேண்டியவை. வலையும் இயந்திரமும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவருடைய வீடு கடலின் ஓர் உறுப்பு. இடம்பெயர்ந்த மயிலிட்டித் தொழிலாளர்கள் பருத்தித்துறை, பொலிகண்டி போன்ற கரைகளில் மற்றவர்களுடைய துறைகளில் விருந்தாளிகளாகத் தொழில் செய்தார்கள். 2017இல் துறை திரும்பியது. வீட்டுக் காணிகள் பல திரும்பவில்லை. படகு மயிலிட்டியில், வீடு வேறெங்கோ. ஏக்கர்க் கணக்கில் இது முன்னேற்றம்; அந்தக் குடும்பத்தின் கணக்கில் கயிறு இரண்டாக அறுந்தே கிடக்கிறது.

இனி துறையையே பார்ப்போம். விடியற்காலையில் படகுகள் வந்து சேரும். மீனைக் கரையில் குவித்து ஏலம் கூறி விற்பார்கள். கூறுவதற்கு வாங்குகிறவர் நாலு பேராவது வேண்டும். ஒருவரே நின்றால் விலை அவர் சொன்னதுதான். நாலு பேர் வர வேண்டுமானால் லொறி நிரம்புமளவு மீன் வர வேண்டும். மீன் வர வேண்டுமானால் படகு வேண்டும், படகுக்கு எண்ணெய் வேண்டும், மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் போடுகிறவர் படகுகள் போதுமா என்று பார்க்கிறார். படகுக்காரர் ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார். இயந்திரம் திருத்துகிறவர், வலை பொத்துகிறவர், தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லோரும் மற்றவர் வந்தால் நானும் வருவேன் என்று காத்திருக்கும் ஆட்கள். இப்படி ஒன்றையொன்று தாங்கும் கட்டமைப்புக்கு நிலையான இருப்பு இரண்டு உண்டு: எல்லோரும் இருப்பது, ஒருவரும் இல்லாதிருப்பது. நடுவில் நிற்பது கடினம்.

பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் காந்தம் படித்தவர்களுக்குத் தயக்கம் என்ற சொல் நினைவிருக்கும். இரும்புத் துண்டைக் காந்தப்புலத்தில் வைத்துப் பிறகு புலத்தை எடுத்துவிட்டால் இரும்பு பழைய நிலைக்குத் திரும்பாது, பட்டதை வைத்துக்கொண்டிருக்கும். அதைத் திருப்ப எதிர்த்திசையில் தனியாக வலு கொடுக்க வேண்டும். இடங்களுக்கும் அந்தத் தயக்கம் உண்டு. வேலியைப் போட ஒரு நாள் போதுமாக இருந்தது. வேலியை எடுத்த நாளில் வேலிக்கு முந்திய மயிலிட்டி வந்துவிடவில்லை. துறையைத் திருத்திக் கட்டி 2019 ஓகஸ்ட் 15இல் திறந்தார்கள். மேலும் கட்டுமானம் தொடர்கிறது. சீமெந்து தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவரையும் ஐஸ்காரரையும் ஒரே பருவத்தில் ஒன்றாகக் கரைக்குக் கொண்டுவரும் முயற்சியும் சீமெந்தளவுக்குத் தேவை.

இதற்கு எதிரான சாட்சி ஒன்று உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. டொனால்ட் டேவிஸ், டேவிட் வைன்ஸ்டைன் என்ற பொருளியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு ஆளான யப்பானிய நகரங்கள் என்ன ஆயின என்று பார்த்தார்கள். பெரும்பாலானவை இருபது ஆண்டுகளுக்குள் பழைய வரிசையிலேயே தம் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஹிரோஷிமாகூடத் தன் பழைய வளர்ச்சிப் பாதைக்குத் திரும்பியது. அப்படியானால் இடங்கள் தாமாக மீளுமா? மீளும், நிலம் மக்களின் கையில் இருந்தால். ஹிரோஷிமாவில் வீடு எரிந்தது. எரிந்த மண்ணுக்கு மறுநாளே உரியவர் திரும்பி வந்து தகரம் போட முடிந்தது. மயிலிட்டியில் மண்ணே கையைவிட்டுப் போனது, அதுவும் ஒரு தலைமுறை முழுவதற்கும். குண்டு செய்ய முடியாததை வேலி செய்தது என்று நான் இந்த ஆய்வைப் படிக்கிறேன்.

அடுத்து, ஒற்றை எண். ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்ல உலகம் பயன்படுத்துவது கினிக் குணகம். இத்தாலியரான கொராடோ கினி 1912இல் தந்தது. பூச்சியம் என்றால் எல்லோரும் சமம், ஒன்றை நெருங்கினால் எல்லாம் ஒருவரிடம். ஓர் ஒழுங்கையில் எட்டு வீடுகள் என்று வையுங்கள். நாலு வீட்டுக்கு மாதம் 10 ஆயிரம் ரூபா, நாலு வீட்டுக்கு 50 ஆயிரம். கினி 0.33. இப்போது முதல் நாலு வீடும் ஏழைகள், அடுத்த நாலும் வசதியானவர்கள் என்று ஒரு முறை அடுக்குங்கள். பிறகு ஏழை, வசதி, ஏழை, வசதி என்று மாற்றி அடுக்குங்கள். இரண்டு ஒழுங்கையிலும் கினி அதே 0.33. ஆனால் இரண்டும் ஒரே ஒழுங்கையா? இரண்டாவதில் ஏழைப் பிள்ளை பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் படிக்கும், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளும். முதலாவதில் ஒழுங்கையின் ஒரு தலைப்பு முழுவதும் இருட்டு. பற்றிக் மோரன் 1950இல் தந்த அளவு இந்த வேறுபாட்டைப் பிடிக்கிறது. பக்கத்து வீடுகளைச் சோடி சோடியாக எடுத்து, இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பதே அதன் சாரம். முதல் ஒழுங்கைக்கு அது 0.71 தருகிறது, இரண்டாவதற்கு கழித்தல் 1. கையாலேயே போட்டுப் பார்க்கலாம், ஏழு சோடிதான்.

எல்லை கீறுவதிலும் சூட்சுமம் உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். எட்டு வீடுகளையும் ஒரே பிரிவாக்கினால் சராசரி 30 ஆயிரம். அங்கே ஏழையும் இல்லை, செல்வரும் இல்லை. நடுவில் கோடு போட்டால் ஒரு பிரிவு 10 ஆயிரம், மற்றது 50 ஆயிரம். மக்கள் மாறவில்லை, கோடு மாறியது. இந்தத் தொல்லை எல்லா நாட்டுப் புள்ளிவிவரத்திலும் உண்டு. ஆனால் வடக்கில் அதற்கு முன்னால் இன்னொரு தொல்லை நிற்கிறது: எண்ணவே இல்லை. 1981இல் முழுக் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நாடு முழுவதும் நடக்கவில்லை. 2001இல் யாழ்ப்பாணத்தில் நடத்த முடியவில்லை. அடுத்தது 2012. 31 ஆண்டு இடைவெளி. 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் 5 லட்சத்து 84 ஆயிரத்தை ஒட்டி. ஊர் அழிந்த முழுக் காலமும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

இப்போது நான் இந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன்.

தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971இல் ஒரு விளையாட்டைக் காட்டினார். நாணயங்களை வைத்து அவர் செய்ததை நான் சதுரங்கப் பலகையில் புளியங்கொட்டையும் மஞ்சாடி விதையும் வைத்துச் செய்வேன். 64 கட்டத்தில் 22 புளியங்கொட்டை, 22 மஞ்சாடி, 20 கட்டம் காலி. கலந்து பரப்புங்கள். விதி ஒன்றுதான்: தன்னைத் தொட்டிருக்கும் அயலவரில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் விதை பேசாமல் இருக்கும்; குறைந்தால் விருப்பமான காலிக் கட்டத்துக்கு நகரும். யாருக்கும் பகை இல்லை. எல்லா விதையும் தான் சிறுபான்மையாக வாழச் சம்மதிக்கிறது. அரை மணி நேரம் நகர்த்திவிட்டுப் பலகையைப் பாருங்கள். ஒரு மூலை சிவப்பு, மறு மூலை கறுப்பு. கணினியில் பெரிய பலகையில் ஓட்டினால் ஒவ்வொருவரின் அயலிலும் தன்னினம் 70 விழுக்காடு அளவுக்கு ஏறிவிடும். கேட்டது மூன்றில் ஒன்று, வந்தது மூன்றில் இரண்டுக்கும் மேல். ஒருவரும் திட்டமிடாத பிரிவினை சிறிய விருப்பங்களின் கூட்டிலிருந்து எழுந்து நிற்கிறது. சிக்கலியலைப் படிக்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தப் பலகையைத்தான்.

பலகை அழகானது. ஆனால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய மல்லாகத்துக்கும் சுன்னாகத்துக்கும் அதைக் கொண்டுபோனால் ஓர் இடத்தில் முறிகிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் பல்லாயிரம் குடும்பங்கள் வெளியேறின. சில நாளில் திரும்பலாம் என்று பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். ஆண்டுகள் போகப் போகப் பலர் தெற்கே காணி வாங்கிக் குடியேறினார்கள், சிலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். மல்லாகத்துக் கோணப்புலம் போன்ற நலன்புரி முகாம்களில் சிலர் மட்டும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தகரத்துக்கும் ஓலைக்கும் கீழே தங்கிப்போனார்கள். அந்தச் சிலர் யார்? கலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. யாழ்ப்பாணத்து முகாம்களில் எஞ்சி நின்றவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பங்கு மிகை. காசு மட்டும் காரணமில்லை. முகாமைச் சுற்றிக் காணி இருந்தது. அதை அவர்களுக்கு விற்க உரியவர்கள் முன்வரவில்லை.

ஷெல்லிங்கின் பலகையில் காலிக் கட்டம் எல்லோருக்கும் காலி. நம் பலகையில் அப்படி இல்லை. ஆகவே விளையாட்டை ஒருமுறை மாற்றி ஆடிப் பாருங்கள். இருபது காலிக் கட்டங்களில் பதினாறின் மேல் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள்: புள்ளி வைத்த கட்டத்துக்குள் புளியங்கொட்டை போகக் கூடாது. மஞ்சாடிக்குத் தடையில்லை. பிறகு பலகையின் மேல் மூலையில் பதினாறு கட்டத்தைத் துணியால் மூடி, அங்கிருந்த விதைகளை வெளியே எடுத்து, மற்ற இடத்தில் இருத்தப் பாருங்கள். மஞ்சாடிகள் ஒன்றன் பின் ஒன்றாக இடம் பிடித்துவிடும். புளியங்கொட்டைகளில் முதல் வந்தவை மிஞ்சிய நாலு கட்டத்தில் ஏறும். மற்றவை பலகையின் விளிம்பில், மேசையின் மேல் குவியும். துணியைத் திறந்தாலும் கதை முடியாது. திறந்த கட்டத்தில் முன்பு சொந்தக் காணி இல்லாமல் பிறர் காணியில் குடியிருந்த விதைக்குப் போக உரித்தில்லை. அது மேசையிலேயே கிடக்கும்.

முகாமில் கடைசிவரை கிடந்தவர்களைப் பார்த்து இவர்கள் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்கப்பட்டதுண்டு. அந்தக் கேள்வி விதையைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. கேட்க வேண்டியது கட்டத்தின் மேலுள்ள சுண்ணாம்புப் புள்ளியை. இராணுவ வேலியைக் காட்ட வரைபடத்தில் சிவப்புக் கோடு போதும். சாதி வேலிக்குக் கோடு இல்லை. விற்கப்படாத காணிகளின் வடிவத்தில்தான் அது வெளியே தெரியும். முதலாவதைப் பற்றி உரக்கப் பேசுகிற நாங்கள் இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் எங்கள் வரைபடம் பாதிதான் உண்மை.

அந்த வரைபடத்தை முழுதாக வரைய என்ன வேண்டும்? செய்மதிப் படம் வேண்டும், வீதி வலை வேண்டும். எந்தத் துண்டு வீதியைத் திறந்தால் மிகுந்த வீடுகளின் சுற்றுவழி குறையும் என்று கணக்கிட லின்ரன் ஃபிரீமன் 1977இல் வகுத்த இடைமை அளவு வேண்டும். இவை எல்லாம் ஒரு மடிக்கணினியில் அடங்கும். அடங்காத ஒன்று வீடுகளில், இரும்புப் பெட்டிக்குள், பொலித்தீன் பைக்குள் இருக்கிறது: காணி உறுதி.

உறுதியை ஒருமுறை கணிதக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று அளவு சொன்ன பிறகு நான்கு எல்லை சொல்லும்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடையது, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரும் பங்காளரும். பிறகு கிணற்றில் இத்தனை பங்கு, வழியிலும் வாய்க்காலிலும் உரித்து. வலையமைப்பு அறிவியலில் அயன்மைப் பட்டியல் என்று சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு புள்ளிக்கும் அதைத் தொடும் புள்ளிகளின் பெயர். ஓர் ஊரின் உறுதிகளை எல்லாம் ஒன்றாக வைத்தால் நிலஅளவை வரைபடம் இல்லாமலே ஊர் தன்னைத்தானே பின்னிக்கொள்ளும். ஒன்றில் வடக்கே வருகிற பெயர் இன்னொன்றில் உரியவராக வரும். யார் யாருடைய கிணற்றில் அள்ளினார்கள் என்பது பங்கில் தெரியும். உறுதியே இல்லாமல் குடியிருந்தவர்களின் இடம் ஓட்டையாக விழும். அந்த ஓட்டைகளை ஊர் முதியவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டும், அவர்கள் இருக்கும்போதே. 1990இல் நாற்பது வயதில் வெளியேறியவருக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

கரையோரத்து உறுதிகளில் வடக்கு எல்லை கடல். அந்தப் பக்கத்துக்கு ஆள் பெயர் தேவைப்படவில்லை. மற்ற மூன்று பக்கத்துக்கும் பெயர்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கலாம், கிணற்றடியிலிருந்து.